நீலப் பெயிண்டுக்கு அடியில் ஒரு பெர்குசன்: பழைய டிராக்டர் ஒன்றின் பூர்வீகம் தேடிய விவரம்

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், உரமூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையில் நிற்கிறது அந்த டிராக்டர். உடம்பெல்லாம் நீலப் பெயிண்ட். பானெட்டின் மூக்கில் பேட்ஜ் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகம் எப்போதோ தொலைந்துவிட்டது. வீட்டுப் பேரனுக்கு அதை மறுபடி ஓடவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த நிறத்திலேயே பெயிண்ட் அடிக்க ஆசை. ஆனால் எந்தக் கம்பெனி, எந்த நிறம்? பழைய வண்டிகளை நோண்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

வண்டிக்கு ஏற்கெனவே நான்கு பெயர் இருந்தது. வீட்டுப் பெரியவர் சொன்னது: "தம்பி, இது எங்கப்பா வாங்கினது. கப்பல்ல வந்த வண்டி. பெர்குசன்னுதான் சொல்லுவாரு." ஊர் மெக்கானிக் அதை ஏற்கவில்லை: "என்னங்க பெர்குசன்? மூணு நாசில் இருக்கு பாருங்க, மூணு சிலிண்டர், சிம்சன் இன்ஜின். டாஃபே 1035. இதுல நான் பாக்காததா?" விலை கேட்டுவிட்டுப் போன காயலான் கடைக்காரர் ருமேனியா வண்டி என்றார். நீலத்தைப் பார்த்துப் போர்டு என்று சொன்னவரும் உண்டு. யாரும் சும்மா சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு இடத்தைப் பார்த்துச் சொன்னார்கள். எந்த இடத்தின் சாட்சி செல்லும் என்பதுதான் விஷயம்.

பெரியவர் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். அவருடைய அப்பா காலத்தில் இந்தியாவில் டிராக்டர் என்றாலே கப்பலில் வந்ததுதான். 1951-ல் நாடு முழுக்க இருந்தவை சுமார் 8,500. 1960 வாக்கில் சுமார் 37,000. இங்கேயே செய்த முதல் டிராக்டர் 1959-ல் பரீதாபாத்தில் ஐஷர் ஆலையிலிருந்து வெளிவந்தது. சென்னையில் டாஃபே தொடங்கியது 1960-ல். 1961-ல் நாடு முழுக்கச் செய்ததே சுமார் 880 வண்டிகள்தான். ஆக, இந்த வண்டி 1959-க்கு முந்தியது என்று காட்டிவிட்டால் அது வெளிநாட்டு வண்டி என்பதில் பேச்சே இல்லை. அதற்குப் பிந்தியது என்றால் இரண்டு பக்கமும் வாய்ப்பு உண்டு. அதனால் ஊரைத் தேடுவதைவிட வருஷத்தைத் தேடுவது முக்கியமாகிவிட்டது.

பின்பக்கத்திலிருந்து ஆரம்பம்

பழைய டிராக்டரை எல்லோரும் முன்னாலிருந்துதான் பார்ப்பார்கள். பேட்ஜ், கிரில், விளக்கு, நிறம். இவையெல்லாம் ஒரு டிங்கர் ஒரே வாரத்தில் மாற்றக்கூடியவை. டைனமோ, செல்ப் மோட்டார், சீட், டயர் எல்லாம் தேயத் தேய மாறுபவை. இன்ஜினைக் கூட மாற்றுவார்கள். நம் ஊரில் அது சர்வ சாதாரணம். மாற்றாதது பின்னால் இருக்கும் கனத்த வார்ப்பு: கியர் பாக்ஸும், அதை ஒட்டிய ஹைட்ராலிக் ஹவுசிங்கும், பின் ஆக்ஸிலும். அது உடைந்தால் வேறு வண்டி வாங்குவார்களே தவிர, வேறு முதுகு வாங்கிப் பூட்ட மாட்டார்கள். அதனால் சீட்டுக்குப் பின்னால் போய்க் குந்தினேன்.

பின்னால் பார்த்ததுமே குடும்பம் தெரிந்துவிட்டது. கீழே இரண்டு கைகள், மேலே டாப் லிங்க், அந்த டாப் லிங்க் போய் மாட்டும் இடத்தில் ஒரு கனத்த சுருள். கலப்பை ஆழமாகப் போனால் டாப் லிங்க் அந்தச் சுருளை அழுத்தும். ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். வட அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசனின் ஏற்பாடு இது. சொந்தமாக விமானம் செய்து 1909-ன் கடைசி நாளில் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவரும் அவர்தான். உழவுக் கருவியை வண்டி பின்னால் இழுத்துக்கொண்டு போகாமல், வண்டியின் உறுப்பாகவே ஆக்கியது அவர் வேலை. இன்று எல்லா டிராக்டரிலும் மூன்று புள்ளி இணைப்பு இருப்பதால் அது மட்டும் அடையாளம் ஆகாது. ஆனால் இந்தச் சுருளும், பம்ப் வெளியே தெரியாமல் ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கி இருப்பதும், ஓட்டுபவர் கியர் பாக்ஸின் மேல் இருபுறமும் கால் போட்டு உட்காருவதும் சேர்ந்தால் பெர்குசன் வம்சம்தான்.

அந்த வம்சத்தில் எந்தத் தலைமுறை? சீட்டுக்கு வலது பக்கம் ஹைட்ராலிக் லீவர்களை எண்ணினால் போதும். சின்ன சாம்பல் பெர்குசன் என்று உலகமே அறிந்த டி.இ.-20-ல் ஒரே ஒரு லீவர். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், பேனர் லேன் ஆலையில் 5,17,651 வண்டிகள் செய்தார்கள். எட்மண்ட் ஹிலாரி குழு 1958 ஜனவரியில் தென்துருவத்துக்கு ஓட்டிப்போனதும் செயின் மாட்டிய இதே ரக வண்டிகளைத்தான். அதற்கு அடுத்து வந்த 35-ல் இரண்டு லீவர்: ஒன்று உழவின் இழுவைக்கு, இன்னொன்று கருவியைச் சொன்ன உயரத்தில் நிறுத்த. மன்னார்குடி வண்டியில் இரண்டு லீவர். கியர் முன்னே ஆறு, பின்னே இரண்டு, டி.இ.-20-க்கு முன்னே நான்கு, பின்னே ஒன்று. ஹை, லோ மாற்றும் லீவரை ஆங்கில எஸ் எழுத்து இருக்கும் பக்கம் தள்ளினால்தான் செல்ப் அடிக்கும். எல்லாம் 35-ஐயே காட்டின.

போர்டு வாதம் கியரோடு முடிந்தது. நம் ஊரில் ஓடிய போர்டு 3000, 3600 இரண்டுக்கும் மூன்று சிலிண்டர்தான், ஆனால் முன்னே எட்டு கியர். நீலம் பின்னாளில் யாரோ ஆசைப்பட்டு அடித்தது.

ருமேனியா வாதத்துக்கு ஸ்பேனர் போதும். ருமேனிய யுனிவர்சல், செக் நாட்டு ஜெடார், போலந்து உர்சுஸ், ரஷ்ய பெலாரஸ் எல்லாம் மில்லிமீட்டர் போல்ட். பெர்குசன் வம்சம் அங்குலம். இங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. முக்கால் அங்குலத் தலையில் 19 மில்லிமீட்டர் ஸ்பேனரும் அழகாக உட்காரும், ஏனென்றால் முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. அதைப் பார்த்துவிட்டு மில்லிமீட்டர் வண்டி என்று சொல்கிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது 9/16 தலையை: 14.29 மி.மீ. நல்ல தலையில் 14 ஏறாது, 15 போட்டால் ஆடும், 9/16 கச்சிதமாகப் பிடிக்கும். ஹவுசிங் மூடியின் போல்ட்களில் மண்ணைச் சுரண்டிவிட்டுப் போட்டுப் பார்த்தோம். 9/16 பிடித்தது. காயலான் கடைக்காரர் பக்கத்தில்தான் நின்றார். "இரும்பு இரும்புதானே" என்று சிரித்துக்கொண்டார். அவர் தொழிலுக்கு அது சரிதான்.

35 என்றால் ஒரே வண்டி அல்ல

இங்கேதான் சிக்கல். 35 என்ற ஒரே உடம்பு பல ஊர்களில் பல பெயர்களில் பிறந்திருக்கிறது.

1953-ல் கனடாவின் மாஸி ஹாரிஸ் கம்பெனி பெர்குசனின் தொழிலை வாங்கியது. 1956-ல் கோவென்ட்ரியில் எஃப்.இ.-35 வந்தது. தகடுகள் சாம்பல், இன்ஜினும் கியர் பாக்ஸும் செம்பு கலந்த தங்க நிறம். 1957 கடைசியில் நிறம் மாறியது: தகடுகள் சிவப்பு, அடிப்பகுதி சாம்பல், பெயர் மாஸி பெர்குசன் 35. டீசல் வண்டிகளுக்கு முதலில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் நான்கு சிலிண்டர் 23சி இன்ஜின். 1959-ல் மாஸி பெர்குசன், பீட்டர்பரோவின் பெர்கின்ஸ் இன்ஜின் கம்பெனியையே வாங்கியது. அந்த வருஷக் கடைசியிலிருந்து பெர்கின்ஸ் ஏ3.152 என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்தது. 1962-ல் அதையே கொஞ்சம் முடுக்கி 35எக்ஸ் என்றார்கள். 1964 கடைசியில் 135 வந்ததும் கோவென்ட்ரியில் 35-ன் கதை முடிந்தது.

ஆனால் வெளியே முடியவில்லை. யுகோஸ்லாவியாவில் பெல்கிரேடின் ஐ.எம்.டி. கம்பெனி உரிமம் வாங்கி அதே உடம்பை 533 என்று பல காலம் விற்றது. சென்னையில் டாஃபே அதே வம்சத்தில் 1035 செய்தது. இன்றும் டெல்டாவில் சேற்றுழவு நேரத்தில் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு போகும் 1035-களைப் பார்க்கலாம். இன்னொரு வேடிக்கை: 2018-ல் அந்த ஐ.எம்.டி.யை வாங்கியது டாஃபேதான். பெல்கிரேடுக் கிளை கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே ஊர் மெக்கானிக் சொன்னதை எளிதில் தள்ள முடியாது. முதுகு 35. இன்ஜினில் மூன்று நாசில். இன்ஜின் பக்கவாட்டில் சிம்சன் தகடு வேறு. சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் உரிமத்தில் இன்ஜின் செய்தது, டாஃபேயும் அதே குழுமம். பார்த்த மாத்திரத்தில் யாராக இருந்தாலும் 1035 என்றுதான் சொல்வார்கள். முதுகு வார்ப்பில் இருந்த பாக எண்களும் இதைத் தீர்க்கவில்லை. இங்கிலாந்து மாஸிக்கும் நம் ஊர் மாஸிக்கும் எண் முறை ஒன்றுதான். எம்1, எம்91 என்று முடியும். வார்ப்பில் எம்1 பார்த்ததும் "கண்டுபிடித்துவிட்டேன், இங்கிலாந்து" என்று குதிப்பவர்களை நான் நம்புவதில்லை. அது குடும்பப் பெயரைச் சொல்லும், பிறந்த ஊரைச் சொல்லாது.

டைனமோவைத் துடைத்தால் லூகாஸ் டி.வி.எஸ். என்று இருந்தது. சென்னைக்குப் பக்கத்துப் பாடி என்ற ஊரில் அந்தக் கம்பெனி தொடங்கியதே 1961-ல். அது வண்டியோடு பிறந்ததானால் வண்டி 1961-க்குப் பிந்தியது. பின்னால் மாட்டியதானால் ஒன்றுமே சொல்லாது. டைனமோ ஒரு மணி நேரத்தில் மாற்றும் சாமான் என்பதால் அதற்கு நான் மதிப்புப் போடவில்லை.

பெயிண்ட் அடுக்குகள்

நிறம் பொய் சொல்லும் என்றேன். மேல் நிறம்தான் பொய் சொல்லும். அடி நிறம் அவ்வளவு எளிதில் சொல்லாது. டிங்கர் பெயிண்ட் அடிக்கும்போது எதையும் கழற்ற மாட்டார், தெரிகிற இடத்தில் அடித்துவிட்டுப் போவார். தெரியாத இடங்களைத் தேட வேண்டும்: பேட்டரித் தட்டுக்கு அடியில், டூல் பாக்ஸுக்குப் பின்னால், மட்கார்டு போல்ட்டின் வாஷருக்கு அடியில்.

பானெட்டின் உள்மடிப்பில் நானூறாம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டமாகத் தேய்த்தோம். நடுவில் இரும்பு தெரியும் வரை தேய்த்துவிட்டு விளிம்பை மட்டும் மெதுவாகத் தேய்த்தால் ஒவ்வொரு அடுக்கும் மரத்தின் வயது வளையம் மாதிரி தனித்தனியாகத் தெரியும். வெளியே நீலம். அதற்குள் சிவப்பு. அதற்குள் மெல்லிய, பளபளப்பில்லாத சாம்பல். பிறகு துருத் தடுப்புப் பூச்சு, அதன் பின் இரும்பு.

சாம்பலைப் பார்த்ததும் பேரன் துள்ளினார். நான் துள்ளவில்லை. சாம்பல், பழுதுபார்த்தபோது அடித்த அடிப்பூச்சாகவும் இருக்கலாம். பானெட்டையே டி.இ.-20-லிருந்து கழற்றி மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பதில் முதுகில்தான் இருக்க வேண்டும். வலது கால் மிதியைக் கழற்றச் சொன்னேன். போல்ட் இரண்டும் துருவேறி முரண்டு பிடித்தன. டீசல் ஊற்றி ஊறவைத்து, மெக்கானிக் கையால்தான் கழன்றது. மிதியின் தாங்கி கியர் பாக்ஸில் உட்கார்ந்திருந்த இடம், உள்ளங்கையளவு, வெளிச்சமே படாத இடம். தின்னர் நனைத்த வேஸ்ட் துணியால் கிரீஸைத் துடைத்ததும் செம்பு நிறம் மின்னியது. நீலமோ சிவப்போ அங்கே போகவே இல்லை. செம்புக்கு அடியில் நேராக வார்ப்பிரும்பு.

இது பெரிய சாட்சி. தொழிற்சாலையில் கால் மிதி மாட்டுவதற்கு முன்னால் பூசிய நிறம் அது. அடியில் செம்புத் தங்கம், மேலே சாம்பல் என்ற ஜோடி கோவென்ட்ரியின் எஃப்.இ.-35-க்கு மட்டுமே உரியது. மாஸி பெர்குசன் என்று பெயர் மாறிய பிறகு வந்த எதற்கும், டாஃபே வண்டிக்கும் சரி, ஐ.எம்.டி. வண்டிக்கும் சரி, அந்த நிறம் கிடையாது. அப்படியானால் முதுகு 1956 அல்லது 1957. இன்ஜின் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. மூன்று சிலிண்டர் வந்தது 1959 கடைசியில்.

தகட்டின் நடு எழுத்து

கம்பெனி குத்திய வரிசை எண் தகடு டேஷ்போர்டில் இருந்தது, நீலப் பெயிண்டுக்குள் புதைந்து. சுரண்டக் கூடாது என்பதில் நான் கறார். தின்னரை ஒத்தி ஒத்தித்தான் எடுக்க வேண்டும். பிளேடு வைத்தால் எழுத்தும் போய்விடும். பெயிண்ட் போனபின் "கோவென்ட்ரி" என்ற ஆங்கில எழுத்துகளில் பாதி தெரிந்தது. எண் தேய்ந்திருந்தது. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தகட்டோடு ஒட்டினாற்போல் பிடித்தால், குத்திய பள்ளங்களில் நிழல் விழும். மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தும் ஒரு பிரதி எடுத்தோம்.

முதல் எழுத்து எஸ். மூன்றாவது எம். நடு எழுத்து டி-யா (D) என்-னா (N) என்று தெரியவில்லை. அதற்குப் பின் எண்: முதல் இலக்கம் 6, அடுத்த இரண்டும் தெளிவு, கடைசி இரண்டும் போய்விட்டன. எண்ணை முழுக்க இங்கே போடாததற்குக் காரணம், அது இன்னொருவர் வண்டி.

அந்த நடு எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கோவென்ட்ரி 35-களில் எஸ்.டி.எம். என்றால் நான்கு சிலிண்டர் டீசல்; எஸ்.என்.எம். என்றால் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். 35எக்ஸ் ஆனால் எஸ்.என்.எம்.ஒய். மெக்கானிக் சொன்னார், "மூணு சிலிண்டர்தானே நிக்குது, அப்ப என்-தான்." நியாயமான வாதம். பேரனும் தேய்ந்த கோட்டை என் என்றே வாசித்தார். மனசு எதிர்பார்ப்பதைத்தான் கண் வாசிக்கும். இந்த வேலையில் அடிக்கடி நடப்பது.

எழுத்தை விட்டுவிட்டு இலக்கங்களை எண்ணினேன். மொத்தம் ஐந்து. ஆறாவது இலக்கம் இருந்து அழிந்ததா என்றால் அதற்குத் தகட்டில் இடமே இல்லை; கடைசிக் குத்துக்கு அப்புறம் உடனே கட்டத்தின் விளிம்பு. கோவென்ட்ரி 35-ன் எண்கள் 1956-ல் 1001-ல் தொடங்கின. 1957 தொடக்கத்தில் 9,226. 1958 தொடக்கத்தில் 79,553. 1959 தொடக்கத்தில் 1,25,068. 1960 தொடக்கத்தில் 1,71,471. அதாவது 1958-க்குள்ளேயே எண் லட்சத்தைத் தாண்டிவிட்டது. மூன்று சிலிண்டர் வந்த சமயத்தில் ஆறு இலக்கம்தான் இருக்க முடியும். ஐந்து இலக்கத்தோடு என் எழுத்து சேரவே சேராது. நடு எழுத்து டி. முதல் இலக்கம் 6 என்பதால் வருஷம் 1957, நிறம் மாறுவதற்கு முன். கால் மிதிக்கு அடியில் இருந்த செம்பு நிறம் சொன்ன அதே காலம்.

தகட்டை வேறு வண்டியிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தகடு மட்டும் இருந்திருந்தால் நானே தயங்கியிருப்பேன். ஆனால் டேஷ்போர்டில் இருந்த தகடும், கழற்றாமல் பார்க்க முடியாத இடத்தில் இருந்த பெயிண்டும் ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே வருஷத்தைச் சொல்கின்றன. போலி செய்கிறவர் கால் மிதிக்கு அடியில் செம்புப் பெயிண்ட் பூச மாட்டார். இந்த வண்டியில் போலி செய்து யாருக்கும் லாபமும் இல்லை.

அப்படியானால் இந்த இன்ஜின்?

வண்டி நான்கு சிலிண்டரோடு பிறந்தது. இப்போது மூன்று நிற்கிறது. மாற்றியிருக்கிறார்கள். எங்கே, எதிலிருந்து?

கியர் பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் பார்த்தால் விரல் கனத்துக்கு ஒரு தட்டு நடுவில் இருந்தது. கம்பெனித் தட்டு அல்ல. லேத்தில் கடைந்து, ஓட்டைகளைக் கையால் போட்டது. முன் ஆக்ஸில் தாங்கியிலும் வெல்டிங் தையல். ரேடியேட்டர் கொஞ்சம் முன்னே தள்ளி நிற்கிறது, பானெட் மூடும்போது பின்னால் இடைவெளி விழுகிறது. கோவென்ட்ரியில் மூன்று சிலிண்டரோடு பிறந்த 35-க்கு இந்த ஒட்டுவேலை எதுவும் தேவைப்படாது.

இன்ஜினைத் திறக்காமல் ரகத்தைச் சொல்ல வழி இருந்தது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் கதவுக்கு அண்டக் கொடுக்கும் கனமாகக் கிடந்தது ஒரு பழைய பிஸ்டன். "அது இந்த வண்டியோடதுதான் தம்பி. போரிங் பண்ணினப்ப கழட்டினது." வெர்னியர் வைத்து, பாவாடை என்று சொல்லும் அதன் கீழ்ப்பகுதியை அளந்தால் 89 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. ஸ்டாண்டர்டு 23சி-யின் சிலிண்டர் துளை 84.1 மி.மீ. கோவென்ட்ரி 35-ல் வந்த ஏ3.152-ன் துளை 3.6 அங்குலம், அதாவது 91.4 மி.மீ. இரண்டுமே இல்லை. மூன்றரை அங்குலம், 88.9 மி.மீ., பெர்கின்ஸ் பி-3-ன் அளவு. பி-3 என்பது ஏ3.152-க்கு முந்திய மூன்று சிலிண்டர். வீச்சு, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், இரண்டுக்கும் ஐந்து அங்குலமே, துளை மட்டும் சிறியது. 1950-களில் பெர்கின்ஸ் கம்பெனியே டி.இ.-20-க்குப் பூட்டும் மாற்று இன்ஜினாக இந்த பி-3-ஐ விற்றது. ஆக பெர்குசன் உடம்பில் பி-3 ஏற்றுவது உலகத்துக்குப் புதிதல்ல. இங்கே அதை லேத் பட்டறையில், சிம்சன் தகடு போட்ட இன்ஜினை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்று பெரியவரிடம் கேட்டதற்கு வந்த பதில் எந்த எண்ணைவிடவும் தெளிவாக இருந்தது. "சாமான் கிடைக்கலப்பா. வெளிநாட்டு இன்ஜினுக்கு ஒரு வளையம் வேணும்னாலும் மாசக்கணக்குல காத்துக்கிடக்கணும். நடவு காத்துக்கிட்டு இருக்குமா? கும்பகோணத்துல ஒரு லாரி ஷெட்டுல இன்ஜின் கிடைச்சுது, ஏத்திட்டோம்." 23சி-யை மாஸி பெர்குசன் 1959-லேயே கைவிட்டுவிட்டது. அதற்கப்புறம் டெல்டாவில் அதன் உதிரிபாகம் தேடுவது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை. சிம்சன் சாமான் மதராஸில் கிடைத்தது. மாற்றியது புத்திசாலித்தனம்தான், பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள் என்றால் சுளித்துக்கொள்ளட்டும்.

நால்வரில் யார் சொன்னது சரி என்று பேரன் கேட்டார். பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. மெக்கானிக்கும் இன்ஜின் அளவில் சரி. அவர் கண்ணில் பட்டது சிம்சன்தான், டாஃபே என்பது அதிலிருந்து அவர் ஊகித்தது. கழற்றும்போது செம்பு நிறத்தைப் பார்த்ததும் "இது நம்ம வண்டி இல்லங்க" என்று அவரே சொல்லிவிட்டார்.

என் முடிவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எஃப்.இ.-35 டீசல், கோவென்ட்ரி பேனர் லேன் ஆலை, 1957. முதலில் ஸ்டாண்டர்டு 23சி நான்கு சிலிண்டர், பிற்பாடு உள்ளூரில் பூட்டிய சிம்சன் பி-3. முதுகு, மாடல், வருஷம் மூன்றிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. பானெட் வண்டியோடு பிறந்ததுதான் என்பதற்குச் சாம்பல் அடுக்கு ஆதரவு தருகிறது, ஆனால் அதற்கு மேல் அதைப் பிடித்து இழுக்க மாட்டேன். சக்கரங்கள், விளக்குகள், டைனமோ எல்லாம் பின்னால் வந்தவை.

பெயிண்ட் விஷயத்தில் பேரனுக்கு இரண்டு யோசனை சொன்னேன். கடையில் போய்த் தங்க நிறம் என்று கேட்டால் பூஜை அறைக் கதவுக்கு அடிப்பதைக் கொடுத்துவிடுவார்கள். கழற்றிய மிதிக்கு அடியில் இருக்கும் செம்பு நிறத்தைத் துடைத்துப் படமெடுத்து, அந்தத் துண்டு நிறத்துக்குக் கலக்கச் சொல்ல வேண்டும். அந்த உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டிவிட வேண்டும், நாளைக்கு இன்னொருவர் வந்து பார்க்க அது இருக்கட்டும். தகடுகள் சாம்பல், கியர் பாக்ஸ் செம்பு. இன்ஜினுக்கு மட்டும் செம்பு வேண்டாம் என்றேன். அது கோவென்ட்ரியில் பிறக்காத இன்ஜின். அதையும் ஒரே நிறத்தில் மூடினால் அடுத்துப் பார்ப்பவர் 35-ன் சொந்த இன்ஜின் என்று நினைத்துக்கொள்வார். பேரனுக்கு இதில் இன்னும் மனசு ஒப்பவில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் அழகு என்கிறார். அது அவர் வண்டி.

மீதி இருப்பது காகித வேலை. பழைய வரி ரசீது ஒன்றில் பதிவு எண் இருக்கிறது. அதை வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பழைய பதிவேட்டில் சேசிஸ் எண் இருந்தால் தகட்டில் அழிந்த கடைசி இரண்டு இலக்கங்களும் கிடைத்துவிடும். முதல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதும் அப்போதே தெரியும். இன்ஜின் எண் ஒத்துப்போகாது. அதற்கு மாற்று இன்ஜின் விவரத்தைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் சிம்சன் தகட்டு எண்ணையும் பென்சில் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்.